‘குடிக்கவில்லையே’ என்ற சமாதானம்

குடியை நிறுத்திய ஒருவர் இருக்கும் வீட்டில் முதல் ஓராண்டு முழுவதும் எல்லாரும் மோப்பம் பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி ஏதோ ஒரு சாக்கில் அருகில் வந்து நிற்பார். அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி முகத்தை உற்றுப் பார்ப்பார். வாடை வரவில்லையென்றால் அன்றைய பொழுது நல்லபடியாகக் கழிந்துவிட்டது என்று பொருள். கும்பகோணத்தில் மருந்துக்கடை நடத்துபவள் என்ற முறையிலும், குடிநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரின் தங்கை என்ற முறையிலும், இந்தச் சோதனைக்குள் அகப்படாத போதைகளைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன். மாத்திரைக்கு வாடை கிடையாது. கைப்பேசியில் ஆடும் சீட்டுக்கும் கிடையாது. சிகரெட்டுக்கு உண்டு, ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு போதையை விட்டவர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வதை மனநல மருத்துவர்கள் கிராஸ் அடிக்ஷன் என்கிறார்கள். மறுவாழ்வு மையங்களில் இதைப் பற்றி வகுப்பு எடுப்பதுண்டு. நான் பார்த்த வரையில் அது கடைசி வாரத்தில், வீட்டுக்குப் போகும் நினைப்பு தலைக்கேறிய பிறகு நடப்பதால், யார் காதிலும் ஏறுவதில்லை. இதில் இரண்டு ஆபத்துகள் சேர்ந்திருக்கின்றன. புதிய பழக்கம் தானே ஒரு நோயாக வளரலாம். அல்லது அது பழைய குடிக்கே ஆளைத் திருப்பிக் கொண்டுபோய் விடலாம். குடும்பங்கள் அஞ்சுவது இரண்டாவதற்கு மட்டுந்தான். முதலாவது கண்ணெதிரே வளர்ந்து நின்றாலும், ‘குடிக்கவில்லையே, அதுவே போதும்’ என்ற சமாதானத்தில் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. மீட்சிக் காலத்தில் ஒரு வீட்டில் சொல்லப்படும் சொற்களிலேயே மிக ஆபத்தானவை இவைதான் என்பது என் எண்ணம். ஏனென்றால் அவற்றைச் சொல்பவர்கள் அன்பினால் சொல்கிறார்கள்.

என் கல்லாவுக்கு எதிரே அடிக்கடி நடப்பதிலிருந்து தொடங்குகிறேன். நீண்டகாலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும், ஆள் அடையாளம் தெரியாத பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். மது மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, மது நின்றவுடன் கட்டுக்கடங்காமல் துடிக்கிறது. அந்தத் துடிப்பை அடக்க, அதே காபா ஏற்பிகளின் மேல் வேலை செய்யும் குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், லோரசெபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர்கள் தருகிறார்கள். நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிட வேண்டிய மருந்து இது. உயிரைக் காப்பாற்றும் மருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் மூளையின் கணக்கில் அதுவும் மதுவும் ஒரே கதவைத் தட்டுபவை என்பதால், நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தாவிட்டால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துகொள்கிறது. குடித்துப் பழகிய உடம்புக்கு இந்த மாத்திரைகளும் சாதாரண அளவில் போதாமல் போகும், அளவு ஏறும். மாத்திரையோடு குடியும் சேர்ந்த ஓர் இரவில் மூச்சு மந்தப்பட்டு ஆளே போய்விடவும் கூடும்.

நான்காக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய மருந்துச் சீட்டு ஒன்றை இளைஞர் ஒருவர் நீட்டுவார். தேதி போன வருஷத்தது.

“அக்கா, அதே மாத்திரை, ரெண்டு அட்டை.”

“சீட்டு பழசு தம்பி. டாக்டரப் பாத்துப் புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க.”

“குடிய விட்டுட்டேன்க்கா. தூக்கம் மட்டுந்தான் வரமாட்டேங்குது.”

அவர் பொய் சொல்லவில்லை. குடியை விட்டவர்களுக்குத் தூக்கம் சீராக மாதக்கணக்கில் ஆகும். அந்த இரவுகளின் நீளம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆல்பிரசோலம், டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு, சோல்பிடெம் போன்ற அமைதியும் தூக்கமும் தரும் மாத்திரைகள், டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள் எல்லாம், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலாக 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஹெச் 1 அட்டவணையில் வருகின்றன. இவற்றை விற்றால், எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். இவ்வளவு இருந்தும் ஒரு கடையில் கிடைக்காதது நாலு கடை தள்ளிக் கிடைத்துவிடுகிறது என்பது எங்கள் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததே. மாத்திரை மட்டுமல்ல, கோடீன் கலந்த இருமல் மருந்து கேட்டு வாரந்தோறும் வருபவர்களும் உண்டு. அரிஷ்டங்களை மருந்து என்றே நம்பி வாங்கிப்போகும் வீடுகளும் உண்டு. அவற்றில் நொதித்தலால் இயற்கையாகவே உண்டாகும் சாராயம் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை இருக்கும், பீரைவிடக் குறைந்ததல்ல. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவருக்குச் செரிமானத்துக்கு நல்லதென்று அரிஷ்டம் ஊற்றிக் கொடுத்து, முகம் சிவந்து நெஞ்சு படபடத்து அவர் சாய்ந்ததும் பதறிக்கொண்டு ஓடிவந்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும்.

ஒரு போதையை இன்னொன்றால் விரட்ட நினைப்பது படிக்காதவர்களின் அறியாமை என்று யாரும் எண்ண வேண்டாம். 1884இல் வியன்னாவில் இளம் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, வலி மருந்தான மார்ஃபீனுக்கு அடிமையாகிவிட்ட தம் நண்பரும் உடலியங்கியல் அறிஞருமான ஃபிளைஷ்லுக்குக் கொக்கெய்னைக் கொடுத்துப் பார்த்தார். மார்ஃபீன் போகவில்லை, கொக்கெய்னும் சேர்ந்துகொண்டது. அவர் 1891இல் நாற்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அதே காலத்தில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், கொக்கெய்னை மரப்பு மருந்தாகத் தம் மேலேயே சோதித்து அதற்கு அடிமையானார். சிகிச்சையில் மார்ஃபீனுக்குப் பழகி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவைப் பிரிவுத் தலைவராகப் புகழோடு இருந்த ஆண்டுகளிலும் அதை முழுமையாக விட முடியாமலே வாழ்ந்தார். ஒருவருக்கு நோயாக இருந்தது மற்றவருக்கு மருந்தாகத் தரப்பட்டது. இரண்டு பேரும் மருத்துவம் படித்தவர்கள்.

இனி என் அண்ணன். அவர் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறார். நோட்டில் ஒரு கூட்டல் தவறாது. மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய பிறகு மாத்திரைப் பக்கமே போகவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அவருக்குச் சிக்கல். முன்பு அந்த நேரத்துக்கு ஒரு வேலை இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள், இப்போது ஒன்றுமில்லை. தொலைக்காட்சி பார்ப்பார், மாடிக்குப் போவார், இறங்கி வருவார், தேநீர் கேட்பார். போதையில் மூளைக்கு எட்டிய, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளின் அளவுக்கு முன்னால் சாதாரணச் சந்தோஷங்கள் வெகுநாள் வரை சப்பென்று இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்வது அந்த மாடிப்படியில் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கைப்பேசி ரம்மி வந்தது. சேர்ந்தவுடன் கணக்கில் போனஸ் விழுந்தது; முதல் வாரத்தில் ஜெயிக்கவும் செய்தார்.

“கணக்குத் தெரிஞ்சவன் இதுல தோக்க மாட்டான்” என்பார். முதலிலேயே சீட்டு சரியில்லையென்றால் இருபது பாயிண்டு இழப்போடு டிராப் செய்து விலகிவிடலாம், நடுவில் என்றால் நாற்பது, கடைசி வரை நின்று தோற்றாலும் எண்பதுக்கு மேல் போகாது, ஆகவே நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்பது அவர் வாதம். ஓர் ஆட்டத்துக்கு அந்த வரம்பு சரிதான். ஆனால் ஓர் ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடந்தான் ஆகும். ஓர் இரவில் எத்தனை இரண்டு நிமிடங்கள் இருக்கின்றன? ஒவ்வொரு மேசையிலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் வென்றவருக்கு மீதியைக் கொடுக்கிறது என்பதை மண்டியில் ஒரு மூட்டைக்குக் கமிஷன் கணக்குப் போடத் தெரிந்தவர் கவனிக்கவில்லை. ‘ஒரே ஒரு ஜோக்கர் விழுந்திருந்தால்’ என்று அவர் சொன்ன தோல்விகள்தான் அவரை அதிகம் பிடித்து வைத்தன. நூலிழையில் நழுவிய வெற்றிகள் சூதாடுபவரை முழுத்தோல்வியைவிட ஆழமாக இழுக்கின்றன என்பது ஆய்வுகளிலும் கண்டதுதான்.

நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அடுப்பை விட்டுத் திரும்பாமலே பதில் சொன்னார்: “விடும்மா. ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் எங்க கிடக்கிறாரோன்னு தேடி அலைஞ்ச காலம் போயி, இப்ப கூடத்துல என் கண்ணு முன்னால உக்காந்திருக்காரு. குடிக்கலையே, அது போதும்.” பத்தாண்டு பட்ட ஒரு பெண்ணிடம் இதற்கு மேல் என்ன வாதாடுவது? அவருக்குக் கிடைத்திருந்த நிம்மதியைக் கெடுக்கும் நாத்தனார் என்ற பெயர்தான் எனக்கு மிச்சமாகும்.

சூதாட்டத்துக்கும் போதைப்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என் கடையிலேயே ஒரு விடை இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் மாத்திரைகள். இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராதவர்களுக்கும்கூட, அடக்க முடியாத சூதாட்ட வேட்கை வருகிறது. மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்கு அது அடங்கிவிடுகிறது. குணக்கேடு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வேதியியல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை. 2013இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேடு சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் நோய்கள் உள்ள அதே அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கணினி, கைப்பேசி விளையாட்டுகளை விட முடியாத நோயும் இடம்பெற்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அண்ணனின் நடத்தையில் நாங்கள் கண்டதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதான். குளியலறைக்குக் கைப்பேசியோடு போவது, யாராவது குறுக்கே பேசினால் எரிந்து விழுவது, ‘இன்றைக்கு ஒரு நாள்தான்’ என்பது, மண்டி முதலாளியிடம் சம்பளத்தில் முன்பணம், கடன் செயலியிலிருந்து வரும் அழைப்புகள், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம். பாட்டில் மட்டும் இல்லை. அண்ணியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போன விவரம் வெளியே வந்த இரவு வீட்டில் பெரிய சண்டை நடந்தது. வெளியே போனவர் நடு இரவில் குடித்துவிட்டு வந்தார். சண்டையால்தான் குடித்தார் என்று உறவினர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். மீண்டும் மையத்தில் சேர்த்தபோது அங்கிருந்த ஆலோசகர் வேறு மாதிரிப் பேசினார். பதிவுத் தாளில் ரிலாப்ஸ் ஆன, அதாவது மீண்டவர் மறுபடி சறுக்கிய, தேதி என்ற இடத்தில் அண்ணி அந்த இரவின் தேதியைச் சொல்ல, அவர் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு, “அது கடைசி நாள்மா. முதல் ரம்மி ஆடின நாளைச் சொல்லுங்க” என்றார்.

ஆன்லைன் ரம்மி பற்றிய சட்டப் போராட்டத்தைத் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிவர். 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தடைச் சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023இல் மறுபடி நிறைவேறி ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. பின்னர் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று மாநில அரசு கொண்டுவந்த விதியை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றது. அந்த ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கறிஞர்களின் விவாதம் குடிநோயிலிருந்து மீள்பவருக்குப் பொருந்தாது என்பதைச் சொல்லவே இதை எடுத்தேன். என் அண்ணனுக்குத் திறமை உண்டு. அந்தத் திறமையில் இருந்த நம்பிக்கைதான் அவரை எழவிடாமல் உட்கார வைத்தது.

புகையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். சபரிமலைக்கு மாலை போட்டவர் நாற்பத்தொரு நாளும் மதுவோடு புகையையும் புலாலையும் சேர்த்தே விடுகிறார். மருத்துவம் படித்தவர்கள் நடத்தும் பல மையங்களிலோ ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கக் கூடாதென்று சிகரெட்டுக்கு இடம் விடுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில், 1972 முதல் 1983 வரை உள்நோயாளிகளாகப் போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகையிலையோடு தொடர்பிருந்தது. மதுவோடு தொடர்பிருந்தவை மூன்றில் ஒரு பங்குதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் குடியை விட வழிகாட்டிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு சொட்டும் தொடாமல் வாழ்ந்து, 1971இல் இறந்தபோது அவரை வாட்டியது புகைப் பழக்கத்தால் வந்த நுரையீரல் நோய். அவரைக் குறை சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. ஆனால் ‘புகை போனால் போகட்டும்’ என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, விட்டவர் எப்படியும் வேறொன்றைப் பிடித்தே தீருவார் என்ற முடிவுக்கு வந்தால் அது தவறு. அமெரிக்காவில் பெரியவர்களை மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை நேர்கண்டு நடத்திய பெரிய கணக்கெடுப்பை வைத்து 2014இல் வந்த ஆய்வு, ஒரு போதை நோயிலிருந்து மீண்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கே புதிதாக வேறொரு போதை நோய் வந்ததென்றும், மீளாதவர்களிடையே அது 27 விழுக்காடு என்றும் காட்டியது. மீட்சி பாதி ஆபத்தை நீக்குகிறது. மிஞ்சிய ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. இளையவர்கள், மணமாகாதவர்கள், மனச்சோர்வு போன்ற வேறு மனநோயும் உள்ளவர்கள் ஆகியோரிடம் கூடுதலாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்க்காமல் பாட்டிலை மட்டும் பிடுங்கினால் கை சும்மா இருக்காது.

நேர் எதிரான தவறையும் கடையில் பார்க்கிறேன். ஒரு போதை போய் இன்னொரு போதையா என்ற பயத்தில், மருத்துவர் எழுதிய நல்ல மருந்துகளையே வீட்டார் நிறுத்திவிடுகிறார்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகள்; போதை தருபவை அல்ல. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தக் கூடாதே தவிர, அளவை ஏற்றிக்கொண்டே போகச் சொல்லும் வேட்கையை அவை உண்டாக்குவதில்லை. ஹெராயினை விட்டவருக்கு மருத்துவரின் மேற்பார்வையில், அதே வகையைச் சேர்ந்த புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தருவதைப் போதை மாற்றம் என்று இகழ்பவர்களும் உண்டு. அதை நிறுத்தியவர் பழைய ஹெராயினுக்கே பழைய அளவில் திரும்பினால், அதைத் தாங்கும் பழக்கம் உடம்பில் போய்விட்டிருக்கும். மிகைமருந்துச் சாவுகள் பல அப்படித்தான் நேர்கின்றன. மருந்து எதற்கு, எந்தத் தேதி வரை, யார் கையில் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மையத்திலிருந்து வெளியே வரும் நாளிலேயே இவற்றைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல்லுக்கோ முதுகு வலிக்கோ வேறு மருத்துவரிடம் போனாலும், குடிநோய் இருந்ததை வாய் திறந்து சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் டிரமடால் சீட்டோடுதான் திரும்பி வருவார்கள்.

அண்ணியும் இப்போது வாடை பார்ப்பதை நிறுத்திவிட்டார். சம்பளம் வந்த அன்றே கணக்குப் பார்ப்பது, கைப்பேசியின் பணச் செயலி அண்ணியின் எண்ணோடு இணைந்திருப்பது, ஆறு மணிக்கு மேல் வாரம் இருமுறை குடியை விட்டவர்களின் மீட்டிங், மற்ற நாளில் பிள்ளையின் கணக்குப் பாடம் என்று வீடு ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. அந்த ஆறு மணியை நிரப்பாமல் விட்டிருந்தால் வேறெதுவும் நிலைத்திருக்காது. மிச்சமிருப்பது சிகரெட். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்கு அவரே பேசினார். மருத்துவரையும் பார்த்துவிட்டு நிகோடின் சூயிங்கம் மெல்லத் தொடங்கியிருக்கிறார். அதையும் வாரத்துக்கு வாரம் குறைத்து நிறுத்தியாக வேண்டும் என்பதால் ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் எத்தனை நாளைக்கு என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். போன வாரம் கணக்குக்கு மேல் ஓர் அட்டை கேட்டார். கொடுக்கவில்லை, அவர் எதிரிலேயே அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “என் தங்கச்சி போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே சில்லறையை வாங்கிக்கொண்டு போனார்.